நட்சத்திரம் நான்கு

எச்சிலால் நிரப்ப வேண்டிய குழாய் அது.
இரண்டு மில்லி, நீலக்கோடு வரை.
ரூபனுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது.
துப்பினான், குமிழி விட்டான்,
குமிழிக்குள் டியூப்லைட் வளைகிறதென்று
என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னான்.
லேப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.
மருந்தை நிறுத்திப் பத்தாவது நாள்.
என் சம்பளத்தில் பாதி அந்தக் குழாய்க்கு.
குமிழிக்கு மட்டுமே கொடுத்திருப்பேன்.

போன மாதம்,
மூன்றாம் மாடி ஹரீஷ்மா விழுங்கிய அதே கேப்ஸ்யூல்.
அதே வயது, ஏறக்குறைய அதே எடை.
அவள் கணக்கை ஒரே உட்காரலில் முடித்தாள்,
தண்ணீர் பாட்டிலைத் தொலைக்காமல் வீடு வந்தாள்.
ரூபன் தோசையைத் தொடவில்லை.
29சி-யில் ஜன்னல் சீட் கிடைத்தும்
வெளியே பார்க்கவில்லை.
சட்டைக்கு மேலேயே இதயம் தெரிந்தது,
துணிப்பைக்குள் அகப்பட்ட கோழிக்குஞ்சு மாதிரி.
கேள்வி கேட்பதை விட்டுவிட்டான்.
"இப்பத்தான் சமத்து" என்றார் கிளாஸ் மிஸ்.
டைரியில் தங்க ஸ்டார் ஒட்டி அனுப்பினார்.

எழும்பூரில் டாக்டர் வஹிதா
டைரியைப் பார்த்துவிட்டு நாடியைப் பிடித்தார்.
வெகுநேரம் கையை விடவில்லை.
"பெரம்பூர்தானே நீங்க?
மழை எல்லாத் தெருவுக்கும் ஒண்ணுதான்.
ஒரு தெரு காலையில காஞ்சிடும்.
இன்னொண்ணுல மூணாம் நாளும் முழங்கால் தண்ணி."
எனக்குத் தெரியும்.
கணேசபுரம் சப்வேயில் செருப்பைக் கையில் பிடித்து நடந்தவள் நான்.
"மருந்து அளவாத்தான் பெய்யுது.
இவனுக்கு வடியல.
நேத்துப் போட்டது வடியறதுக்குள்ள இன்னிக்குப் போட்டது."
சமத்து இல்லை, டீச்சர்.
மூழ்கியிருந்தான்.

ரிப்போர்ட் வந்தது.
வண்டி நம்பர் மாதிரி எழுத்தும் எண்ணுமாய் ஒரு பெயர்,
ஈரலில் அந்த மருந்தை உடைப்பதற்கான ஜீனாம்.
கீழே: நட்சத்திரம் நான்கு, நட்சத்திரம் நான்கு.
அப்படித்தான் குறிப்பார்களாம்,
இரண்டு பிரதியும் வேலை செய்யவில்லை என்பதை.
ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து.
ஜாதகமே பார்க்காமல்
ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டோம்
எட்வினும் நானும்.
பார்க்காத பொருத்தம் ஒன்று இருந்திருக்கிறது.

இதே ஜீன் வழியாக வேறு எந்தெந்த மருந்து போகும் என்று
ஒரு பட்டியல் தந்தார் டாக்டர்.
எட்வின் ராத்திரி அதைப் படித்துக்கொண்டிருந்தார்.
ஃபேன் சத்தம் மட்டும்.
கோடீன் என்ற இடத்தில் விரல் நின்றது.
நிற்க வேண்டிய விரல்தான்:
அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் பாதியைத் தின்ற விரல்.
அன்றைக்கு அதே மாத்திரை ஆறு மணிக்கொன்று கொடுத்தார்கள்.
கத்தினார்.
நஷ்டஈட்டுக்கு நடிக்கிறான் என்றார் சூப்பர்வைசர்.
கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா என்றேன் நானும்.
உடம்பு அதை உடைத்தால்தான் அது வலியைக் கேட்குமாம்.
உடைக்காத உடம்புக்கு வெறும் சுண்ணாம்புக் கட்டி.

"அப்போ எனக்கு வலிச்சது நெஜந்தான்" என்றார்.
பதினோரு வருடம் கழித்து.
அவருக்கு டெஸ்ட் எடுக்கவில்லை.
இருக்கலாம் என்றுதான் டாக்டரும் சொல்வார்.
நான் எழுந்துபோய்
அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன், தாமதமாக.

இப்போது ரூபனுக்குக் குறைந்த அளவு.
மாதம் ஒருமுறைதான் ஏற்றுவாராம், எறும்பு ஊர்கிற மாதிரி.
ரிப்போர்ட் எப்படி வடியும் என்று சொல்லும்,
பிள்ளை எப்படி ஆவான் என்று சொல்லாது,
ஹரீஷ்மாவோடு ஒப்பிடாதீங்க.
சரி என்றேன். ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்றுப் பாலத்தின் மேல் நின்று
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணினான்.
இருபத்தாறில் ஒரு காக்கா குறுக்கே வந்தது.
காக்காவையே பார்த்தான்.
அப்புறம், தானாகவே,
"இருபத்தேழு" என்றான்.
நடுவில் போனவை எத்தனை என்று
நானும் எண்ணவில்லை.